கதவில் ஒட்டிய தாள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

தென்னாப்பிரிக்காவில், டர்பன் நகரை ஒட்டிய சாட்ஸ்வொர்த்திலிருந்து எழுதுகிறேன். எனக்கு வயது 73. உயர்நிலைப் பள்ளியில் 34 ஆண்டுகள் கணக்குப் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள். இப்போது சனிக்கிழமைகளில் கோயில் கூடத்தில் பிள்ளைகளுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறேன். என் தமிழ் துருப்பிடிக்காமல் இருக்க உங்கள் நாளிதழைத் தினமும் கைப்பேசியில் படிக்கிறேன். சென்ற மாதம் நீங்கள் வெளியிட்ட ஒரு கட்டுரையில், இன்னும் காகிதச் சீட்டில் வாக்களிக்கும் நாடுகளில் ஒன்றாக எங்கள் நாட்டைச் சேர்த்து, அவை காலத்தில் பின்தங்கிவிட்டன என்ற பொருள் வரும்படி எழுதியிருந்தது. அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. 1994 முதல் 2016 வரை இங்கே நடந்த தேர்தல்களில் வாக்கு எண்ணும் மேசையில் உட்கார்ந்தவள் நான். அந்த மேசையில் பார்த்ததைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

முதலில் என் அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன்.

என் பாட்டனார் வட ஆற்காட்டிலிருந்து கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியாக வந்தவர். 1896இல், டர்பன் அடங்கிய நேட்டால் பகுதியின் சட்டசபை ஒரு சட்டம் போட்டது. அதில் இந்தியர் என்ற சொல்லே கிடையாது. நாடாளுமன்ற வாக்குரிமை இல்லாத நாடுகளிலிருந்து வந்தவர்கள் என்று சுற்றி வளைத்து எழுதி, எங்களவர்கள் புதிதாக வாக்காளராவதை அடைத்துவிட்டார்கள். காந்தி இங்கே இருந்து மனுவுக்கு மேல் மனு போட்டும் தடுக்க முடியவில்லை. பிறகு 1984 ஆகஸ்டில் இந்தியர்களுக்கென்று தனியாக ஒரு சபையை அமைத்து அதற்குத் தேர்தல் வைத்தார்கள். நாட்டின் பெரும்பான்மையான கறுப்பின மக்களுக்கு அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை. எங்கள் தெருவில் பெரும்பாலோர் போகவில்லை. பதிவு செய்தவர்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒருவர்தான் அன்று வாக்களித்தார். அம்மாவும் போகவில்லை. சந்தையில் கீரைக்கட்டு விற்றுக்கொண்டிருந்தவர், அன்றும் கூடையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

எல்லா இனத்தவரும் வாக்களித்த முதல் தேர்தல் நடந்த 1994 ஏப்ரல் 27 அன்று, தன் எழுபதாவது வயதில், அம்மா முதல் தடவையாக வாக்களித்தார். வரிசையில் ஐந்து மணி நேரம். பக்கத்துத் தெரு ஆயா ஒருவர் மடக்கு நாற்காலி கொண்டுவந்திருந்தார். இரண்டு பேரும் மாறி மாறி உட்கார்ந்தார்கள். கையில் கண்ணுக்குத் தெரியாத மையைத் தடவி, ஊதா விளக்கின் கீழ் காட்டச் சொன்னார்கள். சீட்டில் கட்சித் தலைவர்களின் படங்கள் இருந்ததால் ஆங்கிலம் படிக்கத் தெரியாத அம்மாவுக்குச் சிரமம் இல்லை. ஜூலு இன மக்களிடம் செல்வாக்குள்ள இன்காத்தா கட்சி தேர்தலுக்கு ஒரு வாரம் முன்புதான் போட்டியிட ஒப்புக்கொண்டது. சீட்டெல்லாம் அச்சாகிவிட்டதே! அதனால் அதன் பெயரைத் தனி ஸ்டிக்கராக அடியில் ஒட்டிக் கொடுத்தார்கள். அம்மா அந்த ஸ்டிக்கரை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார்: "பாப்பா, இந்தப் பெட்டியை யார் திறப்பார்கள்? எண்ணும்போது நீ பக்கத்தில் இருப்பாயா?"

"இருப்பேன் அம்மா. நான் மட்டுமில்லை, எல்லாக் கட்சிக்காரர்களும் இருப்பார்கள்."

"அப்படியென்றால் சரி."

இதற்கு மேல் அம்மா எதையும் கேட்கவில்லை. தான் போட்ட சீட்டை யாரோ சிலர் கண்ணால் பார்த்துத்தான் எண்ணுவார்கள், அந்தச் சிலரில் தன் மகளும் ஒருத்தி என்பது அவருக்குப் போதுமானதாக இருந்தது. மின்னணு இயந்திரத்தைப் பற்றி யார் பேசினாலும் நான் அம்மாவின் இந்த ஒரு கேள்வியை வைத்துத்தான் அளந்து பார்க்கிறேன்.

அதே 1994 தேர்தலில் நடந்த இன்னொன்றையும் உங்கள் வாசகர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். வாக்குச் சீட்டு காகிதம்தான். ஆனால் எண்ணும் மையங்களிலிருந்து வந்த கணக்கைத் தலைமையகத்தில் ஒரு கணினியில் ஏற்றிக் கூட்டினார்கள். மே மாதத் தொடக்கத்தில் அந்தக் கணினிக்குள் யாரோ புகுந்து மூன்று கட்சிகளின் எண்ணிக்கையை உயர்த்தியிருப்பது தெரியவந்தது. நீதிபதி யோஹான் கிரீக்லர் அப்போது தேர்தல் ஆணையத் தலைவர். கணினியை நிறுத்திவிட்டு, தாளில் இருந்த கணக்கைக் கொண்டு கையால் கூட்டி முடித்தார்கள். செய்தது யார் என்று இன்றுவரை வெளிவரவில்லை. பொதுமக்களுக்கு இந்தச் சங்கதி விவரமாகத் தெரியவந்ததே பல ஆண்டுகள் கழித்துத்தான். எண்ணும் மையத்தில் விழித்திருந்த எங்களுக்கு, ஏன் இத்தனை நாள் முடிவு வரவில்லை என்ற எரிச்சல் மட்டும்தான் அப்போது இருந்தது. தாளில் கணக்கு இல்லாமல் போயிருந்தால் எங்கள் முதல் தேர்தல் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் எனக்கு வயிறு கலங்குகிறது.

1999 முதல் எண்ணிக்கையை அந்தந்த வாக்குச்சாவடியிலேயே நடத்துகிறோம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதாக இருக்கும், அதனால் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இரவு ஒன்பது மணிக்கு வாக்களிப்பு முடியும். பெட்டி வெளியே எங்கும் போகாது. அதே வகுப்பறையில், அதே மேசையில், சீல் எண்ணைச் சத்தமாகப் படித்துக் காட்டி, கட்சி ஏஜென்டுகள் சரிபார்த்த பிறகு உடைப்போம். சீட்டின் பின்புறம் முத்திரை இருக்கிறதா என்று பார்ப்போம். கட்சிவாரியாகப் பிரித்து, நூறு நூறாகக் கட்டுவோம். முடிந்ததும் முடிவுத் தாளில் எண்களை எழுதி, அதிகாரியும் ஏஜென்டுகளும் கையெழுத்திட்டு, ஒரு பிரதியைச் சாவடியின் கதவில் ஒட்டிவிட வேண்டும். தெருவில் போகிற யாரும் நின்று படிக்கலாம். அதற்குப் பிறகுதான் அந்தத் தாள் மேலிடத்துக்குப் போகும்.

1999 ஜூன் 2 இரவு எனக்கு மறக்காது. மணி இரண்டு ஆகிவிட்டது. நடுவில் மின்சாரம் போய், கேஸ் விளக்கை மேசை மேல் வைத்து எண்ணிக்கொண்டிருந்தோம். நான் ஒரு கட்டை நூறு என்று சொல்லி வைத்தேன். எதிரே ஒரு சிறிய கட்சியின் ஏஜென்ட், துறைமுகத்தில் மூட்டை தூக்கி ஓய்வு பெற்ற, ஜூலு என்ற கறுப்பினத்தைச் சேர்ந்த முதியவர், தலையை ஆட்டினார். "டீச்சர், அந்தக் கட்டு மெலிசாக இருக்கிறது" என்றார். திரும்ப எண்ணினேன். 96. அவர் பள்ளிப் படிப்பை முடித்தவர் இல்லை. நானோ கணக்கு ஆசிரியை. தவறு என்னுடையது, அதைப் பிடித்தவர் அவர். அந்த நான்கு வாக்கும் அவர் கட்சிக்கு வந்த வாக்குகூட இல்லை. ஆனாலும் விடவில்லை. அன்று அந்த மேசையைச் சுற்றி இருந்தவர்களில் எண்ணத் தெரிந்த எல்லோருக்கும் ஒரே அதிகாரம்தான். அந்த ஒரு விஷயத்துக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுதிக்கொண்டிருக்கிறேன்.

சரி, இந்தியாவுக்கு வருகிறேன். உங்கள் இயந்திரத்தை நான் இழிவாக நினைக்கவில்லை. பெங்களூரு பாரத் எலெக்ட்ரானிக்ஸ் (பெல்) நிறுவனத்தில் அதை உருவாக்கியவர்களில் நம் எழுத்தாளர் சுஜாதாவும் ஒருவர் என்று அறிந்தபோது எனக்குப் பெருமையாக இருந்தது. பேட்டரியில் ஓடும், வெளியுலகத்தோடு எந்த இணைப்பும் கிடையாது, நிமிடத்துக்கு இத்தனை வாக்குக்கு மேல் பதிவாகாது என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். சாவடியைக் கைப்பற்றி அரை மணியில் கட்டுக்கட்டாகச் சீட்டில் முத்திரை குத்திப் பெட்டிக்குள் திணித்த காலத்தை அது முடித்துவைத்தது. செல்லாத வாக்கு என்பதும் அநேகமாக ஒழிந்துபோனது. எங்கள் 1994 தேர்தலில் ஏறத்தாழ 1,93,000 சீட்டுகள் செல்லாமல் போயின. பலரும் முதல் தடவை பேனா பிடித்தவர்கள். அதையெல்லாம் நான் மறைக்கப் போவதில்லை. 1996இல் மொடக்குறிச்சியில் 1,033 வேட்பாளர்கள் நின்று வாக்குச் சீட்டே புத்தகமாகிவிட்டதே, அந்த அவஸ்தையும் தெரியும்.

2024 ஏப்ரலில் ஆரணிப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தூரத்து உறவினர் வீட்டுக்கு வந்திருந்தேன். 19ஆம் தேதி அவர்கள் வாக்களிக்கப் போனபோது கூடவே போய்ப் பள்ளிக்கூட வாசலில் வேப்பமரத்தடியில் நின்றேன். ஒவ்வொரு வாக்குக்கும் உள்ளேயிருந்து அந்த நீண்ட 'பீப்' சத்தம் கேட்டது. தங்கச்சி முறையாகும் பெண் வெளியே வந்து, "அக்கா, கண்ணாடிக்குள்ள சீட்டு தெரிஞ்சது, சின்னம் சரியா இருந்தது. ஏழு விநாடி. அப்புறம் உள்ளே விழுந்துடுச்சு" என்றாள். அந்தச் சீட்டை யார் எண்ணுவார்கள் என்று கேட்டேன். அவள் விழித்தாள். "எண்ண மாட்டாங்க அக்கா. மெஷின்லதான் பட்டன் அமுக்கிப் பார்ப்பாங்க." எப்போது என்றேன். ஜூன் 4 என்றாள். 46 நாள்! அவ்வளவு நாளும் இயந்திரங்கள் ஸ்ட்ராங் ரூமில். சீல், காவல், கேமரா எல்லாம் உண்டு என்று என் மைத்துனர் விளக்கினார். உண்டுதான். ஆனால் அந்தப் பெண் தான் பார்த்த சீட்டை எவரும் எடுத்து எண்ணப் போவதில்லை என்பது எனக்கு அன்று இரவு முழுக்க உறுத்தலாக இருந்தது.

எண்ணவே மாட்டார்கள் என்பது முழுக்கச் சரியில்லை என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கண்ணாடிக்குள் தெரியும் அந்தச் சீட்டை அச்சடிக்கும் ஒப்புகைச் சீட்டு இயந்திரம் 2013இல் நாகாலாந்தின் நோக்சென் இடைத்தேர்தலில் முதலில் வந்தது. அதே ஆண்டு உச்ச நீதிமன்றம் அது தேவை என்று தீர்ப்புச் சொன்னது. 2019இல் எல்லாச் சாவடிக்கும் வந்துவிட்டது. ஒரு சட்டமன்றத் தொகுதிக்கு ஒரு சாவடியின் சீட்டு என்று இருந்த சரிபார்ப்பை உச்ச நீதிமன்றம் 2019இல் ஐந்தாக உயர்த்தியது. எல்லாச் சீட்டையும் எண்ண வேண்டும் என்ற வழக்கை 2024 ஏப்ரல் 26 அன்று தள்ளுபடி செய்தது.

இந்த ஐந்து என்ற எண்ணைக் கணக்கு ஆசிரியையாகப் பார்த்தேன். ஒரு தொகுதியில் 250 சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 10 சாவடி இயந்திரத்தில் கோளாறு. திருட்டோ பழுதோ, எதுவாகவும் இருக்கட்டும். குலுக்கலில் வரும் ஐந்தில் அந்தப் பத்தில் ஒன்றாவது சிக்கினால்தான் நமக்குத் தெரியும். முதல் குலுக்கல் நல்ல இயந்திரத்துக்கு விழ 250-இல் 240 வாய்ப்பு, அடுத்ததற்கு 249-இல் 239, இப்படி ஐந்தையும் பெருக்கினால் 0.81 வருகிறது. அதாவது நூறு தடவைக்கு 81 தடவை கோளாறு யார் கண்ணிலும் படாது. ஆறு சட்டமன்றத் தொகுதிகள் சேர்ந்த மக்களவைத் தொகுதியில் 30 இயந்திரங்கள் சரிபார்க்கப்படுவதால் நிலைமை கொஞ்சம் மேல். அதே விகிதத்தில் கோளாறு இருந்தால் நூற்றுக்கு 29 தடவைதான் தப்பும். ஆனால் சட்டமன்றத் தேர்தலுக்கு அந்த ஆறுதலும் இல்லை. 2021இல் சென்னை தியாகராய நகரில் வெற்றி வித்தியாசம் 137 வாக்குகள். அங்கே எதுவும் தவறாக நடந்தது என்று நான் சொல்லவில்லை, நினைக்கவும் இல்லை. கணக்குக்காக மட்டும் எடுத்துக்கொள்கிறேன். 137 வித்தியாசம் என்றால், 69 வாக்கு இடம் மாறினாலே வென்றவரும் தோற்றவரும் மாறிவிடுவார்கள். அதற்கு ஒரே ஒரு இயந்திரம் போதும். 250-இல் அந்த ஒன்று ஐந்துக்குள் வரும் வாய்ப்பு நூற்றுக்கு இரண்டு.

அதனால் நான் கேட்பது, எத்தனை சாவடியின் சீட்டை எண்ணுவது என்பதை வெற்றி வித்தியாசத்தைப் பார்த்து முடிவுசெய்யலாமே என்பதுதான். ஒரு லட்சம் வாக்கில் வென்ற இடத்தில் கொஞ்சம் எண்ணினால் போதும். சில நூறில் வென்ற இடத்தில் எல்லாவற்றையும் எண்ணுங்கள். அமெரிக்காவின் கொலராடோ மாநிலம் 2017 முதல் இந்தக் கணக்கின்படிதான் காகிதச் சீட்டுகளை எடுத்துச் சரிபார்க்கிறது. இதற்குப் புது இயந்திரம் வேண்டாம். சீட்டு ஏற்கெனவே அச்சாகிப் பெட்டிக்குள் இருக்கிறது. ஒரு நாள் கூடுதல் உழைப்பு, அவ்வளவுதான்.

2024 தீர்ப்பில் இரண்டாம், மூன்றாம் இடம் பெற்ற வேட்பாளர்கள் ஏழு நாளுக்குள் கேட்டால், ஐந்து சதவீத இயந்திரங்களின் உள்ளே இருக்கும் மின்னணுச் சில்லைப் பரிசோதிக்கலாம் என்று ஒரு வழி திறந்துவிட்டார்கள். பரிசோதிப்பவர்கள் அதைத் தயாரித்த நிறுவனத்தின் பொறியாளர்கள். நல்லவர்களாகவே இருக்கட்டும். ஆனால் துறைமுகத்தில் மூட்டை தூக்கிய என் நண்பரை அந்த மேசையில் எங்கே உட்கார வைப்பது? சில்லின் உள்ளே அவர் எதைப் பார்த்து, மெலிசாக இருக்கிறது என்று சொல்வார்? ஜெர்மனியின் அரசியல் சாசன நீதிமன்றம் 2009 மார்ச் 3 அன்று சொன்னதும் இந்த அர்த்தத்தில்தான். 2005 தேர்தலில் பயன்படுத்திய வாக்குக் கணினிகளில் மோசடி நடந்தது என்று அது சொல்லவில்லை. தனி நிபுணத்துவம் எதுவும் இல்லாத சாதாரணக் குடிமகன் வாக்களிப்பின், எண்ணிக்கையின் முக்கியப் படிகளைத் தானே சரிபார்க்க முடிய வேண்டும், இந்தக் கணினிகளில் அது முடியாது, ஆகவே அவை அரசியல் சாசனத்துக்கு ஒவ்வாதவை என்றது. அதைப் படித்தபோது அம்மாவின் கேள்வியைத்தான் நீதிபதிகள் சட்ட மொழியில் எழுதியிருக்கிறார்கள் என்று தோன்றியது.

மோசடியே இல்லாமலும் இயந்திரம் தவறும் என்பதற்கு என் வகுப்பில் ஒரு உதாரணம் சொல்வேன். 2003இல் பெல்ஜியத்தின் ஸ்கார்பேக் என்ற இடத்தில் ஒரு வேட்பாளருக்கு வரவே முடியாத அளவு வாக்கு வந்திருந்தது. திரும்பப் பார்த்தபோது சரியாக 4,096 வாக்கு அதிகம். 4,096 என்பது இரண்டை இரண்டால் பெருக்கிக்கொண்டே போனால் பன்னிரண்டாவது படியில் வரும் எண். கணினியின் நினைவகத்தில் ஒரே ஒரு புள்ளி, பூஜ்ஜியத்திலிருந்து ஒன்றாக மாறிவிட்டது. விண்வெளியிலிருந்து வரும் கதிர் பட்டிருக்கலாம் என்று நிபுணர்கள் ஊகித்தார்கள். எண்ணிக்கை அபத்தமாகப் பெரிதாக இருந்ததால் மாட்டியது. அந்தப் புள்ளி நாலைந்து இடம் தள்ளி மாறியிருந்தால் 128 அல்லது 256 வாக்கு கூடியிருக்கும். யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

எங்கள் பக்கத்து நாடான நமீபியாவின் கதை உங்கள் கட்டுரையில் வராதது எனக்கு வியப்பாக இருந்தது, ஏனென்றால் அது உங்கள் இயந்திரத்தின் கதை. ஆப்பிரிக்காவிலேயே முதலில், 2014 நவம்பரில், நமீபியா மின்னணு இயந்திரத்தில் நாடு முழுக்கத் தேர்தல் நடத்தியது. இந்தியாவின் பெல் இயந்திரங்கள்தான். அந்த ஆண்டு அவர்கள் இயற்றிய சட்டத்திலேயே, இயந்திரத்தோடு சரிபார்க்கக்கூடிய காகிதத் தடமும் இருக்க வேண்டும் என்று எழுதியிருந்தது. ஆனால் அமைச்சர் இயந்திரத்தை அனுமதிக்கும் பகுதியை மட்டும் நடைமுறைக்குக் கொண்டுவந்து, காகிதப் பகுதியைக் கிடப்பில் போட்டார். 2019 அதிபர் தேர்தலில் தோற்ற பாண்டுலேனி இட்டுலா நீதிமன்றம் போனார். 2020 பிப்ரவரியில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம், காகிதத் தடம் இல்லாமல் இயந்திரத்தைப் பயன்படுத்தியது அரசியல் சாசனத்துக்கு விரோதம் என்று தீர்ப்பளித்தது. தேர்தலை ரத்து செய்யவில்லை. எதை வைத்துத் திரும்ப எண்ணுவது? எண்ணுவதற்குத்தான் ஒன்றும் இல்லையே. அப்புறம் நமீபியா காகிதத்துக்கே திரும்பியது. 2024 நவம்பரில் சீட்டுகள் பற்றாமல், ஒரு நாளில் முடிய வேண்டிய தேர்தலை நவம்பர் 30 வரை நீட்டினார்கள். மக்கள் வெயிலில் மணிக்கணக்கில் நின்றார்கள். காகிதத்துக்கும் ஒழுங்காகத் திட்டமிட வேண்டும் என்பது அதில் தெரிந்தது. அயர்லாந்து 5 கோடி யூரோவுக்கு மேல் செலவழித்து வாங்கிய இயந்திரங்களை நாடு தழுவிய தேர்தல் ஒன்றில்கூடப் பயன்படுத்தாமல் 2012இல் பழைய இரும்புக்குப் போட்டது. அதையும் இங்குள்ளவர்கள் படித்தால் நல்லது.

ஏன் என்றால், எங்கள் தேர்தல் ஆணையமும் இப்போது யோசித்துக்கொண்டிருக்கிறது. 2025 மார்ச்சில் கேப் டவுனில் மின்னணு வாக்களிப்பைப் பற்றி மாநாடு ஒன்றைக் கூட்டியது. அவசரப்படாமல் மக்களிடம் கருத்துக் கேட்பது நல்லதுதான். என் கருத்தை நேரடியாகவும் எழுதி அனுப்பப் போகிறேன். நடைமுறைச் சிக்கலே நிறைய. 2024 தேர்தலில் நாங்கள் ஒவ்வொருவரும் மூன்று சீட்டு வாங்கினோம். அதில் தேசியச் சீட்டில் மட்டும் 52 கட்சிகள். உங்கள் இயந்திரத்தில் ஒரு பலகைக்கு 16 பொத்தான். ஒரு சீட்டுக்கே நான்கு பலகை வேண்டும், மூன்று சீட்டுக்கு எத்தனை என்று நீங்களே கூட்டிப் பாருங்கள். வரிசையில் நிற்கும் மூதாட்டிக்கு எது எந்தச் சீட்டின் பலகை என்று யார் விளக்குவது? பார்வையற்றவர்களுக்குக் காதில் கேட்டு வாக்களிக்கும் வசதி ஒன்றுக்காக மட்டும் இயந்திரத்தை நான் வரவேற்பேன். அதுவும் கடைசியில் காகிதத்தில் அச்சடித்து, அந்தக் காகிதமே வாக்கு என்று இருக்குமானால்.

2024 மே 29 அன்று நான் அதிகாரி இல்லை, வாக்காளர் மட்டும். வாக்காளரின் அடையாள அட்டையைச் சரிபார்க்கும் கைக்கருவிகள் அன்று நாட்டில் பல இடங்களில் திணறின. எங்கள் சாவடியிலும் வரிசை நகரவில்லை. அங்கே பொறுப்பில் இருந்த இளம்பெண் பதறாமல், அச்சடித்த வாக்காளர் பட்டியலை எடுத்து, அடிக்கோல் வைத்துப் பெயர் தேட ஆரம்பித்தாள். மெதுவாக நகர்ந்தது. ஆனால் நகர்ந்தது. கடைசி ஆள் வாக்களித்தபோது நள்ளிரவைத் தாண்டிவிட்டது என்று என் மகன் சொன்னான்.

இரண்டு நாள் கழித்து, மே 31 காலையில், தேர்தல் ஆணையத்தின் முடிவுப் பலகை இரண்டு மணி நேரம் வெறுமையாகிவிட்டது. எங்கள் குவாசுலு நேட்டாலில் முன்னணியில் இருந்த உம்கொந்தோ வெ சிஸ்வே கட்சி, மோசடி என்றது. பிறகு வழக்கும் போட்டது. அந்த இரண்டு மணி நேரம் எங்கள் தெரு எப்படி இருந்தது என்று தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குச் சொன்னால் புரியுமா, தெரியவில்லை. 2021 ஜூலையில் இங்கே நடந்த கலவரத்தில் 350 பேருக்கு மேல் இறந்தார்கள். டர்பனை ஒட்டிய பீனிக்ஸில் எங்கள் இந்தியச் சனங்களும் ஜூலு சனங்களும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பயந்த நாட்கள் அவை. அந்தக் காயம் ஆறவில்லை. திரை இருண்டதும் பக்கத்து வீட்டு மாமி கதவைப் பூட்டிக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். கடைக்காரர் ஷட்டரை இறக்கிவிட்டார்.

நான் பையை எடுத்துக்கொண்டு வாக்குச்சாவடிக்கு நடந்தேன். பள்ளி பூட்டியிருந்தது. கதவில் தாள் இருந்தது. இரவு பெய்த தூறலில் ஒரு மூலை உரிந்து தொங்கியது. அங்கே ஏற்கெனவே ஐந்தாறு பேர் நின்றார்கள். ஒரு ஜூலு பையன், பதினாறு பதினேழு வயதிருக்கும், பள்ளிச் சட்டையோடு வந்தவன், பென்சில் பெட்டியிலிருந்து ஒட்டுநாடாவை எடுத்து மூலையைத் திரும்ப ஒட்டினான். பிறகு எல்லோரும் படிப்பதற்காக எண்களைச் சத்தமாக வாசித்தான். நான் மனதில் கூட்டிக்கொண்டே வந்தேன். மொத்தம் சரியாக இருந்தது. கைப்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டேன், அவனும் எடுத்தான். ஆணையத்தின் இணையதளம் திரும்ப வந்ததும், எங்கள் சாவடியின் எண்ணைத் தேடி ஒவ்வொரு கட்சியாகப் பொருத்திப் பார்த்தேன். ஒரு வாக்கும் கூடவில்லை, குறையவில்லை. மாமிக்குப் போன் செய்து கதவைத் திறக்கச் சொன்னேன்.

உங்கள் ஊரிலும் 17சி என்ற படிவம் உண்டு என்று மைத்துனர் காட்டினார். அன்றைக்கே ஏஜென்டுகள் கையில் கிடைப்பதில் மொத்தம் எத்தனை பேர் வாக்களித்தார்கள் என்றுதான் இருக்கிறது, யாருக்கு எத்தனை என்று இல்லை. அதை வாக்குச்சாவடி வாசலிலாவது ஒட்டச் சொல்லி உங்கள் நாளிதழ் எழுதலாமே என்று கேட்டுக்கொள்கிறேன்.

2024இல் எங்கள் சாவடிக் கதவில் எடுத்த அந்தப் படத்தை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். எழுத்து சற்று மங்கலாக இருக்கும், வலது மேல் மூலையில் நாடா ஒட்டியிருப்பதும் தெரியும். வெளியிட முடிந்தால் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியை,
சாட்ஸ்வொர்த், டர்பன்.